ஏறாத மூட்டைக்கு வண்டிச்சத்தம்

திண்டுக்கல்,
புதன்கிழமை, கடைக்கு ஓர் ஈ கூட வராத மத்தியானம்.

பரோடா மாநகரத்தில் கொலு வீற்றிருக்கும் என் அக்கா மகள், அருமை மருமகள் கீர்த்தனாவுக்கு, பஸ் ஸ்டாண்டு எதிரே பத்துக்கு எட்டு செல்போன் கடையின் சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமாகிய மோகன்குமார் ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், கடை நலம். வெயில்தான் எல்லோரையும்விட நலமாக இருக்கிறது. நேற்று மத்தியானம் மலைக்கோட்டைப் பாறை உருகி ஒரு பக்கமாகச் சரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். உன் நலமும், மாப்பிள்ளை ரொனால்டு நலமும், உன் வயிற்றில் பட்டாபிஷேகத்துக்குக் காத்திருப்பவரின் நலமும் அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ கேட்பாய். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் மூன்றாம் வரியிலேயே ஒரு கட்டைவிரலை நிமிர்த்தி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். போனில் சொன்னால் சிரித்தே விஷயத்தை நழுவவிடுவாய். விஷயம் உன் அப்பாவைப் பற்றியது. நீ ரொனால்டைக் கைப்பிடித்த நாளிலிருந்து உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறாரே, அதே மனிதர். அடுத்த மாதம் உனக்குப் பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்க வேண்டியவள், வரவில்லை. வா என்று அவர் சொல்லவில்லை, வரட்டுமா என்று நீயும் கேட்கவில்லை. குழந்தை பிறந்த பிறகும் இது இப்படியே நீளுமோ என்பதுதான் எங்கள் எல்லோருடைய கவலையும். இப்போது ஒரு சின்ன வெளிச்சம் தெரிகிறது. அது டெலிவரி சார்ஜ் வழியாக வந்த வெளிச்சம். செத்த நேரம் பொறுமையாகப் படி.

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டின் கமிஷன் கடை வேந்தர், மல்லிகைக்கு விலை சொன்னால் மதுரை வரை மறுபேச்சு இல்லாத மாமனிதர், உன் அப்பா மலைச்சாமி, திங்கட்கிழமை பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். வந்ததும் வராததுமாக, “ஏலே மாப்ள, ஒரு துணிக் கம்பெனிக்காரன் என் காசை வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கான், என்னான்னு பாரு” என்று போனை மேஜையில் வைத்தார்.

பார்த்தேன். ஆன்லைனில் ஒரு குழந்தைச் சட்டை. மஞ்சள் நிறம், நெஞ்சில் ஒரு வாத்து. ஆர்டர் போட்டு, மறுநாள் காலையே கேன்சலும் செய்திருக்கிறார். சட்டையின் விலை பேங்குக்குத் திரும்ப வந்துவிட்டது. டெலிவரி சார்ஜ் மட்டும் வரவில்லை. அந்த டெலிவரி சார்ஜைப் பார்த்து நான் நாற்காலியிலிருந்து நழுவிவிட்டேன். சட்டை விலையில் பாதி. நிலாவுக்கா மச்சான் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். உன் அப்பா எதிர்க்கடையின் பெயர்ப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார். அதில் இருப்பது இரண்டே வார்த்தை. அதை ஒரு மகாகாவியம் போல ஆதியோடு அந்தமாகப் படித்து முடித்துவிட்டு, “பரோடாவுக்குலே” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் இருந்த நேரங்களை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். அதில் இதுவும் ஒன்று. கொஞ்சம் கழித்து, பொருள் வந்ததும் காசு கொடுக்கிற வசதி இருக்கிறதே, முன்னாலேயே ஏன் கட்டினீர்கள் என்று மட்டும் கேட்டேன். அதற்கு உன் அப்பா, “டெலிவரிக்காரன் வாசல்ல நின்னு அந்தப் பிள்ளைகிட்டக் காசு கேப்பான்ல” என்றார்.

அப்புறம் ஏன் கேன்சல் செய்தார் என்பதைக் கறந்து எடுப்பதற்குள் இரண்டு டீயும் ஒரு பருத்திப்பாலும் செலவாயின. மார்க்கெட்டில் பூக்கட்டுகிற ஆனந்தமேரி அக்காவை உனக்குத் தெரியும். அவரிடம், யாரோ ஊர்பேர் தெரியாதவர் விசாரித்ததுபோல அந்த வாத்துச் சட்டைப் படத்தைக் காட்டியிருக்கிறார். அந்த அக்கா நாரைப் பல்லில் கடித்தபடியே, “பொறக்குமுன்ன புதுத்துணி எடுப்பாகளாண்ணே? எங்கள்ல கூட எடுக்க மாட்டோம். மொதல்ல வீட்டுப் பழந்துணியிலதான் புள்ளையப் பொதியணும், புதுசெல்லாம் பொறவுதான்” என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். ஏலம் நடந்துகொண்டிருக்கிறது, மல்லிகை மூட்டை அவிழ்த்துக் கிடக்கிறது, உன் அப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடிப்போய் கேன்சல் பொத்தானைத் தேடியிருக்கிறார். மலைச்சாமி ஏலத்தைப் பாதியில் விட்டது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. அன்றைக்கு மார்க்கெட்டில் இருந்த பூவெல்லாம் திகைத்துப்போய் ஒரு மணி நேரம் மணக்க மறந்துவிட்டதாகக் கேள்வி.

கேன்சலுக்குக் காரணம் கேட்டு அந்த ஆப் ஒரு வரிசையை நீட்டியிருக்கிறது. அவருடைய காரணம் அதில் இல்லை. பொருள் கிளம்பிவிடப் போகிறதே என்ற பயத்தில் முதலில் இருந்ததை அழுத்திவிட்டார். அது, ‘வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்’. வாங்கியவரே வேண்டாம் என்றால் டெலிவரி சார்ஜ் திரும்பாது என்பது கம்பெனியின் சட்டமாம்.

அந்தப் பணத்தை நானே தருகிறேன், விடுங்கள் என்றேன். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கடையில் இருந்த சார்ஜர் எல்லாம் தானாகவே சார்ஜ் ஏறிக்கொண்டன. “ஏறாத மூட்டைக்கு எவன்லே வண்டிச்சத்தம் குடுப்பான்? பூ வேன்ல மூட்டை ஏறினாத்தான் வாடகை. நான் கேன்சல் போட்டப்ப அது கெளம்பவே இல்ல” என்றார். அப்புறம் குரலை இறக்கி, “அதுவுமில்லாம, நான் எங்கலே வேண்டாம்னு சொன்னேன்?” என்றார். நீ சட்டையைப் பற்றித்தான் அவர் பேசினார் என்று நினைத்துக்கொள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து போர். கம்பெனியின் சாட்டில் ஒரு எந்திரம் பதில் சொல்கிறது. ‘உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது’ என்கிறது. புரிந்தால் காசைக் கொடு என்று எழுதினால், மறுபடியும் வருத்தம் புரிகிறது என்கிறது. இந்த உலகத்தில் என்னைவிட அதிகமாகப் பேசி ஒன்றும் செய்யாத ஒரு ஜீவன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நாளைக்கு நேரடியாக ஆளிடம் பேசப் போகிறோம். முடிவு தெரிந்த பிறகு மிச்சத்தை எழுதுகிறேன்.

சனிக்கிழமை.

கீர்த்தனா, இனி எழுதுவதில் என் வழக்கமான உப்பும் காரமும் கொஞ்சம் குறைவாக இருக்கும். பொறுத்துக்கொள்.

நேற்று முன்தினம் போனில் ஓர் ஆள் அகப்பட்டது. கௌசல்யா என்று ஒரு பெண், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான்தான் வாதாடினேன். அந்தப் பெண் பொறுமையாகப் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வது சரிதானுங்க, பார்சல் குடோனை விட்டுக் கிளம்பவில்லை, ஆனால் காரணம் தப்பாகப் பதிவாகியிருக்கிறது, உண்மையான காரணத்தைச் சொன்னால் மாற்றி எழுதி மேலே அனுப்புகிறேன் என்றது.

உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மச்சானின் மானத்தைக் காப்பாற்ற நான் களத்தில் குதித்தேன். சட்டையை ஆர்டர் போட்ட அன்றே வைகை கரையுடைத்து வெள்ளம் எங்கள் வீட்டுக் கூரையைத் தொட்டுவிட்டதாகச் சொன்னேன். அந்தப் பெண், “ஏனுங்க, வெள்ளம்னு ஒரு ஆப்ஷனே இல்லீங்களே” என்றது. சரி, குடும்பமே மொத்தமாகச் சந்நியாசம் வாங்கிக்கொண்டது என்று ஆரம்பித்தேன். உன் அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

பிடுங்கி, முகம் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொன்னார். “அம்மா, என் மகளுக்குப் புள்ள பொறக்கப் போகுது. அவளுக்குத்தான் வாங்குனேன். பொறக்குமுன்ன புதுத்துணி எடுக்கக் கூடாதுன்னாக. எனக்குத் தெரியாமப் போச்சு. என் மகளுக்கோ புள்ளைக்கோ ஒண்ணும் ஆயிறக் கூடாதுல்லம்மா, அதான்.”

உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ‘என் மகள்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து எத்தனை நாளாயிற்று. வீட்டில் நீ ‘அந்தப் பிள்ளை’தான். உன் அம்மா உன்னோடு ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி பேசுவாளே, அப்போதெல்லாம் இவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, ‘அந்தப் பிள்ளை சாப்பிட்டுச்சாமா’ என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். அப்படிப்பட்டவர், மெஷின் குரலும் பாட்டுமாக ஓடிய ஒரு போனில், என் கடையில் செல்போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் மகள் என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்தப் பெண் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, இதை எந்தக் காரணத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை, ‘குழந்தை இன்னும் பிறக்கவில்லை’ என்றே போட்டுவிடுகிறேன் என்றது. டெலிவரி சார்ஜ் வந்துவிடும் என்றது. வைக்கப்போகும் முன்னால், நல்ல மனதோடுதான், “பொறந்ததும் கூப்பிடுங்க சார், அதே சட்டையை நானே பாத்து அனுப்பி வைக்கறேனுங்க” என்றது. அதற்கு உன் அப்பா, “பொறந்தா எனக்கு யாரும்மா சொல்லப் போறா?” என்றார்.

போனை வைத்துவிட்டோம். உன் அம்மா சொல்ல மாட்டாளா, நான் சொல்ல மாட்டேனா என்று கேட்டேன். “நீங்க எல்லாரும் சொல்லுவீக மாப்ள. கல்யாணத்தையும் எல்லாருந்தான் சொன்னாக. பூ எடுக்க வந்த யாவாரி சொன்னான், டீ குடுக்கிறவன் சொன்னான். என் மக கல்யாணத்தை மார்க்கெட்டுல நான் அடுத்தவன் சொல்லிக் கேட்டேன். மாப்பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிட்டா எனக்கென்ன” என்றார். இத்தனை நாளும் நாம் எல்லோரும் வேறு காரணத்தை நினைத்துக்கொண்டிருந்தோம், கீர்த்தனா. நான் உட்பட.

இன்று காலை அவர் போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது. டெலிவரி சார்ஜ் முழுவதுமாக பேங்கில் ஏறிவிட்டது. மார்க்கெட்டில் அதை அவர் எல்லோரிடமும் காட்டிய கோலத்தைப் பார்த்தவர்கள், ஏதோ நாட்டையே மீட்டுவிட்டார் என்று நினைத்து மாலை போட வந்ததாக ஆனந்தமேரி அக்கா போன் செய்து சொன்னார். மாலை விஷயம் அக்காவே சேர்த்தது, நான் இல்லை.

மத்தியானம் உன் அப்பா மறுபடி கடைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே அவருடைய வேட்டி, துவைத்துத் துவைத்துப் பூ இதழ் மாதிரி மெலிந்துபோனது. நாலாகக் கிழித்து, ஓரம் உறுத்தாமல் இருக்க உன் அம்மாவை மடித்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று அவர் சொல்லவில்லையாம், அவளும் கேட்கவில்லையாம். “பழசுதான். சும்மா கெடந்துச்சு. கூரியர்ல போடு, அதான் டெலிவரி சார்ஜ் வந்துருச்சுல்ல, அதுலயே சரியாப் போயிரும்” என்றார். கூரியர்காரர் விலாசம் கேட்டபோது நான் போனில் தேடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா பார்க்காமலே சொன்னார், பின்கோடு உட்பட. அந்தப் பார்சலுக்குள்தான் அவருக்குத் தெரியாமல் இந்தக் கடிதத்தைச் செருகியிருக்கிறேன்.

வாத்துச் சட்டை இப்போது ஆப்பில் கூடைக்குள் காத்திருக்கிறது. விற்றுத் தீர்ந்துவிடுமோ என்று அவர் காலையும் மாலையும் திறந்து பார்க்கிறார். அந்தக் கம்பெனியில் இன்று அதிகம் பார்க்கப்பட்ட பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

மருமகளே, உன்னை நான் மன்னிப்பும் கேட்கச் சொல்லவில்லை, விளக்கமும் சொல்லச் சொல்லவில்லை. நீ தேர்ந்தெடுத்தது உன் வாழ்க்கை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல சேதி வந்ததும் முதல் போன் அவருக்குப் போகட்டும். உன் அம்மாவுக்கு முன்னால், எனக்கு முன்னால், ரொனால்டு வீட்டாருக்கும் முன்னால். நீ பேசத் தெம்பில்லாமல் இருந்தால் ரொனால்டு போனை உன் வாயருகே பிடிக்கட்டும். பையன் என்றோ பொண்ணு என்றோ ஒரு வார்த்தை, அது போதும். பழைய நம்பர்தான், மாற்றவில்லை. குளிக்கப் போகும்போதும் போனைக் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டு மாட்டிவிட்டுத்தான் போகிறார்.

அதன்பிறகு அவர் எங்களுக்குச் சொல்லுவார். அப்போதுதான் முதல்முதலாகக் கேட்பதுபோல நான் ஆச்சரியப்பட வேண்டும். அதற்கு இப்போதிருந்தே கண்ணாடி முன்னால் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தாயும் பிள்ளையும் வேறு வேறாகச் சுகமாய் இருக்கட்டும். எங்கள் வீட்டுத் தெய்வமும் ரொனால்டு வீட்டு மாதாவும் சேர்ந்தே காவல் நிற்கட்டும். அப்பாவுக்குச் சொல்லு, தாயே.

என்றும் உன் நலம் நாடும்,
மோகன் மாமா.