நடுவில் குத்திய குண்டூசி

நஸ்ரினுக்கு ஸலாம். நான் நலம். அத்தாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

இங்கே ஷார்ஜாவில் சுவரில் மாட்டும் ஒட்டுத்துணி விரிப்பு தைக்கிறோம். இந்தத் தடவை மணல்மேடு போல எல்லாமே வளைவு. குழிந்த துண்டோடு குவிந்ததைச் சேர்த்தால் சுருங்கியது. மூன்று முறை பிரித்தேன். போர்மேன் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் நீ ஜாக்கெட்டுக்குக் கை வைப்பது ஞாபகம் வந்தது. ஓரத்திலிருந்து தைத்தால் சீக்கிரம் முடியுமே என்று பள்ளத்தூர் வீட்டில் உன்னைக் கேலி செய்தேனே. "தெரியாமப் பேசாதீக. நடுவுல குண்டூசி குத்துனாத்தான் ரெண்டு பக்கமும் ஒழுங்கா வரும்" என்றாய். அப்படியே செய்தேன். சுருக்கமே இல்லை. போனில் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது, அதனால்தான் கடிதம்.

லீவில் ஊருக்கு வந்து இதைக் கொடுக்கும் அபுதாஹிர் திரும்பும்போது, நீ பேப்பரில் வெட்டி வைத்திருக்கும் கை அளவு ஒன்று கொடுத்தனுப்பு, வளைவு வெட்டும்போது பார்த்துக்கொள்ள. வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. யார் அளவானாலும் சரிதான். இல்லை, உன் அளவே கொடு.

இனாமுல்