நான் ஆம்பூருக்குத் திரும்ப முடியாததற்கான காரணங்கள்

அடிலெய்டு
10.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சௌமியா எழுதுவது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். சிரிக்காதீர்கள்.

உங்கள் மெடிக்கல் ரிப்போர்ட்டைப் பார்த்து விசாத் துறையிலிருந்து பதில் வந்துவிட்டது. சிறுநீரகம் இருபத்திரண்டு சதவீதம்தான் வேலை செய்கிறது, சீக்கிரமே டயாலிசிஸ் தேவைப்படும், அந்தச் செலவு இந்த நாட்டுக்கு அதிகம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கதவை முழுதாகச் சாத்தவில்லை. கணவன் மனைவி என்பதால் அந்தச் செலவு விதியிலிருந்து விலக்குக் கேட்கலாமாம். மே மாதத்துக்குள் காரணங்களை எழுதிக் கொடுக்க வேண்டும்.

விசா வேலையைப் பார்க்கும் வக்கீலம்மா, நம் உறவுக்கு ஆதாரமாக நம் வாட்ஸ்அப்பை மொழிபெயர்த்துக் கேட்டார். மூன்று மாதத்துக்கும் "சாப்டியா", "ம்", "டூட்டி முடிஞ்சிச்சா", "ம்" அவ்வளவுதான் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. கையால் எழுதும் கடிதங்கள் இருந்தால் நல்லது என்கிறார். அதனால் எழுதுங்கள் மாமா. வேலை, வீடு, உடம்பு எதுவானாலும் சரி. ஸ்கேன் எடுத்து அனுப்பினால் போதும்.

போன வாரம் வீடியோவில் உங்கள் கணுக்கால் வீங்கியிருந்தது. நான் கேட்டதும் காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டீர்கள். நர்ஸான என்னிடம் அதை மறைக்க முடியுமா? அத்தையிடம் சொல்லி ஊறுகாய் ஜாடியை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
சௌமியா


ஆம்பூர்
19.3.2024

அன்புள்ள சௌமிக்கு,

நவநீதன் எழுதுகிறேன். ஸ்கூல் விட்டபிறகு லீவ் லெட்டர் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் விசா ஆபிசர் மன்னிக்கட்டும், நீயும் மன்னித்துக்கொள்.

உன் செய்தி வந்த அன்று கம்பெனியில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கட்டிங் செக்ஷனில் பக்கத்து மேசை முஜாஹித்தை உனக்குத் தெரியுமே. "இன்னாடா, ரொம்ப பேஜாரா இருக்கே?" என்றான்.

"அந்த நாட்டுக்கு நான் ஜாஸ்தி செலவாம்டா" என்றேன்.

அவன் ஷூவுக்கு வெட்ட வைத்திருந்த தோலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். "இத பாரு. ஒரு புள்ளி இருக்குன்னு கிரேடு கொறச்சி அனுப்பிட்டானுங்க. நாம இன்னா பண்றோம்? புள்ளிய வுட்டுட்டு வெட்டறோம். அவங்களும் வெட்டுவாங்க. வுடு."

மதியம் என் டப்பாவில் உப்பில்லாத புடலங்காயைப் பார்த்துவிட்டு, தன் பிரியாணியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்ச் சாப்பிட்டான். அது கஷ்டமாக இருந்தது.

நீ போய் ஐந்து வருஷம். படுத்த படுக்கையாக இருந்த அப்பாவை விட்டு வர முடியாது என்றுதான் நான் தங்கினேன். அப்பா போய் வருஷம் ஒன்றாகிறது. இனி தடை இல்லை என்று நினைத்தேன். இப்போது என் உடம்பே குறுக்கே நிற்கிறது.

வேலூர் டாக்டர் டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தயாராக வைக்கச் சொல்கிறார். யோசிக்கிறேன். நீ பயப்படாதே.

அன்புடன்
நவநீதன்


அடிலெய்டு
14.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். இன்றும் எனக்கு டூட்டி. முதியோர் இல்லத்துக்குப் பண்டிகை ஏது?

வக்கீலம்மா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "அவருக்கு விசா இல்லையென்றால் நீங்கள் ஏன் ஊருக்குத் திரும்பி அவரோடு வாழக் கூடாது?" இதற்கு உறுதியான பதில் இல்லாவிட்டால் விலக்குக் கிடைக்காதாம். நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். நீங்களும் படித்திருக்க வேண்டும் என்பதால் அதன் தமிழை இங்கே எழுதுகிறேன். மனம் நோகாதீர்கள். இது ஆபிசருக்கு எழுதியது.

"ஆம்பூர் வீட்டில் நான் ஐந்து வருஷம் இருந்தேன். என் துணியை வைக்க அங்கே ஓர் அலமாரி இருக்கவில்லை. கல்யாணத்துக்குக் கொண்டுபோன பெட்டியிலேயே கடைசிவரை வைத்திருந்தேன். கர்ப்பமான ஐந்தாம் மாதத்தில் என் குழந்தை தங்கவில்லை. பதினாறாம் நாள் மாமியார், 'இன்னும் எத்தினி நாளைக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்குவ? வர்றவங்க போறவங்க இன்னா நெனப்பாங்க?' என்றார். என் கணவர் அப்போது வேலைக்குப் போயிருந்தார். அடுத்த வாரமே நான் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தேன். இங்கே என் பெயரில் ஒரு வீட்டுச் சாவி இருக்கிறது. இங்கே நான் யாருக்கும் பயந்து அழுவதில்லை. திரும்பிப் போனால் பழைய சௌமியாவாகத்தான் போக வேண்டும். அவள் இப்போது இல்லை."

வக்கீலம்மா படித்துவிட்டு, "இது போதும்" என்றார்.

உங்கள்
சௌமியா


ஆம்பூர்
22.4.2024

சௌமி,

இந்தக் கடிதத்தை வக்கீலம்மாவிடம் கொடுக்காதே. இது உனக்கு மட்டும்.

பெட்டியிலேயே துணி வைத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. ஒரே அறையில் ஐந்து வருஷம் படுத்து எழுந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. நேற்று அம்மாவிடம் கேட்டேன். "அவ கேக்கவே இல்லியே" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன், நான் மட்டும் கேட்டேனா?

நீ எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அந்தப் பதினாறாம் நாள் அந்நேரம் நான் இன்னும் வேலைக்குக் கிளம்பவில்லை. இரண்டாம் ஷிப்டு. உள்ளறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னது முழுதும் காதில் விழுந்தது. நீ அழுததும் விழுந்தது. பட்டனைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டு, சத்தம் அடங்கும்வரை நின்றிருந்தேன். பிறகு பின்கதவு வழியாகப் போய்விட்டேன். எட்டு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆபிசருக்கு நீ எழுதியபடியே இருக்கட்டும். எனக்கு மட்டும் ஒன்று சொல். நான் அங்கே வர வேண்டுமா?

கையில் ஆபரேஷன் ஆகிவிட்டது. முஜாஹித்தான் கூட இருந்தான்.

நவநீதன்


அடிலெய்டு
8.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

விலக்குக் கிடைத்துவிட்டது! விசாவும் வந்துவிட்டது. டிசம்பர் பன்னிரண்டுக்குள் நீங்கள் இந்த மண்ணில் கால் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் விசா செல்லாது. போனில் சொன்னபோது நீங்கள் "சரி" என்றது சிக்னல் சரியில்லாததாலா, வேறெதற்காகவா தெரியவில்லை.

உங்கள் ஏப்ரல் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் விட்டேன். அன்று நீங்கள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும் மாமா. கதவுக்கு அடியில் உங்கள் கால் தெரிந்தது. உங்களைப் பற்றி ஆபிசர் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்றுதான் வேலைக்குப் போயிருந்தார் என்று எழுதினேன். அதை விடுங்கள்.

மாடி ஏறத் தேவையில்லாத வீடாகப் பார்த்துவிட்டேன். டயாலிசிஸ் தொடங்கினால் வாரத்தில் மூன்று நாளும் ஷிப்டை மாற்றிக்கொள்வேன். உங்கள் உணவுப் பட்டியலைக்கூட எழுதி வைத்திருக்கிறேன். இங்கே முதியோர் இல்லத்தில் இருபத்துநான்கு பேரைப் பார்த்துக்கொள்கிறேன், உங்களைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா? ஒரு குறையும் வைக்க மாட்டேன்.

நவம்பருக்கு டிக்கெட் பார்க்கட்டுமா?

சௌமியா


ஆம்பூர்
29.9.2024

அன்புள்ள சௌமிக்கு,

டிக்கெட் பார்க்க வேண்டாம்.

கோபத்தில் எழுதவில்லை. உன் கடிதத்தை முஜாஹித்திடம் சொன்னேன். "போடா கிறுக்கா, பொண்டாட்டி நர்ஸு, ஆஸ்பத்திரி வாசல்ல இருக்குது, இன்னும் இன்னா வேணும் உனக்கு?" என்று திட்டினான். அவன் சொல்வது நியாயம்தான்.

நான் அங்கே வர வேண்டுமா என்று ஏப்ரலில் கேட்டேன் சௌமி. நீ வீடு, ஷிப்டு, சாப்பாடு எல்லாம் எழுதியிருக்கிறாய். எல்லாமே உண்மை, நீ செய்வாய். எனக்குச் சந்தேகமே இல்லை. என் கால் தெரிந்தும் எட்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்தவள், இன்னும் எத்தனை வருஷமானாலும் முகம் சுளிக்காமல் செய்வாய். இருபத்துநான்கு பேரோடு இருபத்தைந்தாவதாக நான் இருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கு விசா வாங்கித் தர நீ எழுதிய காரணங்களை நாலைந்து முறை படித்தேன். முதலில் அது ஆம்பூரைப் பற்றி என்று நினைத்தேன். போகப் போகத்தான் அது என்னைப் பற்றியும் என்று தெரிந்தது. அந்த ஊருக்கு நீ திரும்ப முடியாது என்றால், அந்த ஊரிலிருந்து நான் மட்டும் எப்படி உன் வீட்டுக்கு வருவது?

டயாலிசிஸ் போன வாரம் தொடங்கிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி. வேலூர் பஸ்ஸில் போய் வருகிறேன். கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கும் செக்கிங் வேலைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா உப்பில்லாமல் தானும் சாப்பிடுகிறாள், சொன்னாலும் கேட்பதில்லை.

இதற்கு மறுப்பு இருந்தால் எழுது. நீ "வாங்க" என்று எழுதினால் வருவேன்.

நவநீதன்


அடிலெய்டு
13.10.2024

மாமா,

உங்கள் கடிதத்தை வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் படித்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். முதலில் வந்தது நீளமாக ஒரு மூச்சு. தலையிலிருந்து சுமையை யாரோ இறக்கி வைத்தால் வருமே, அப்படி. அது வந்ததும் எனக்கே பயமாகிவிட்டது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் அழுதேன்.

இதை உங்களிடம் மறைத்திருக்கலாம். நிறைய மறைத்தாகிவிட்டது.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தையை எழுத நான்கு நாளாகப் பார்க்கிறேன். பேனா அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் எழுதுகிறது. டயாலிசிஸ் அன்று தண்ணீரை அளந்து குடியுங்கள் என்கிறது. இணைப்புப் போட்ட கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்கிறது. ரத்த ரிப்போர்ட்டை மாதா மாதம் அனுப்புங்கள் என்கிறது. அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை மாமா. அன்று கதவைத் திறந்து வெளியே வந்திருந்தால், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றிருந்தால் கூட, நான் இந்த ஊருக்கு வந்திருக்கவே மாட்டேன்.

விசாவை ரத்து செய்யத் தனியாக விண்ணப்பம் போட வேண்டாம். வக்கீலம்மாவிடம் நானும் எதுவும் சொல்லப்போவதில்லை. டிசம்பர் பன்னிரண்டு வியாழக்கிழமை. அன்று நீங்கள் வேலூரில் இருப்பீர்கள், எனக்குக் காலை டூட்டி. தேதி அதுவாகப் போய்விடும்.

சௌமியா