இடப்பக்கத்து ஸ்பீக்கர்

ஜூன் 4

பேத்தியின் தாத்தாவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று போனில் கேட்டேன். நான் முணுமுணுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்து முணுமுணுக்காது.

உங்கள் தம்பி வந்தார். "அண்ணி, அண்ணனுக்கு அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் வேணுமாம், ரெண்டு ஸ்பீக்கரோட" என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வீட்டை விட்டுப் போன மனுஷர் மாத்திரை கேட்கவில்லை, கம்பளி கேட்கவில்லை. தம்பி வீட்டு மாடி அறையில் அதை எங்கே வைப்பீர்கள்? கட்டில் மேலா?

ஏன் வீட்டை விட்டு வந்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு "நடுப்பாட்டுல அணைச்சிட்டா" என்று மட்டும் சொன்னீர்களாம். மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத்தான் பேத்திக்கு வேலை கிடைத்த செய்தி வந்தது. உங்கள் நாற்காலிக்கு இடப்பக்கம், ஜன்னலோரம், நான் தைத்துக்கொண்டிருந்தேன். "என்னங்க" என்றேன். மறுபடி மறுபடி என்றேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். நீங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தீர்கள். மின்சாதனத் தொழிற்சாலையில் நம் வீட்டுப் பெண் சோதனைப் பிரிவில் உட்காரப் போகிறாள். அதற்குக்கூடத் திரும்பாத தலை! எழுந்துபோய் அணைத்தேன். இன்னொரு தரம் நடந்தாலும் அணைப்பேன்.

இப்படிக்கு,
பேத்தியின் பாட்டி


ஜூன் 11

வீட்டுக்காரிக்கு,

நீ கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பேன். சாட்சி இல்லாத வழக்கு, விட்டுவிடு.

தம்பி எனக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் கொடுத்தான். உள்ளங்கையில் அடங்குகிறது; பாட்டும் அந்த அளவுதான். போன் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு மணி அடிக்கிறது. சார்ஜ் தீர்ந்தால் ஒரு பெண் இங்கிலீஷில் என்னைக் கண்டிக்கிறாள்.

நம்முடையது அப்படியா? சுவிட்சைப் போட்டால் கொஞ்சம் யோசிக்கும். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். மஞ்சள் விளக்கு எரிந்து, சத்தத்தின் அளவு காட்டும் இரண்டு முள்ளும் எழுந்து நிற்கும். குமிழைத் திருகினால் விரலுக்குக் கனம் தெரியும். பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். பாட்டைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. எனக்கும் இனி வேறு வேலை இல்லை. அனுப்பி வை.

இப்படிக்கு,
வீட்டுக்காரன், இப்போது மாடிக்காரன்


ஜூன் 20

பேத்தியின் தாத்தாவுக்கு,

அனுப்பிவிட்டேன். ஏற்றிப்போக வந்த வேனின் குட்டை டிரைவர் தூக்கும்போது "பாட்டிம்மா, உள்ள கல்லா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அந்தப் பாவம் உங்களுக்கு.

அனுப்புவதற்கு முன் பேத்தி மூடியைக் கழற்றிப் பார்த்தாள். அவ்வளவு தூசி. பிரஷ்ஷால் தட்டி, குமிழுக்குள் ஏதோ மருந்து அடித்தாள். சத்தத்தைக் கூட்டும்போது வந்த அந்தக் கரகரப்பு போன இடம் தெரியவில்லை. "இவ்ளோ பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இப்ப யாரு போடுறா பாட்டி? தாத்தா விவரமாத்தான் வாங்கியிருக்காரு" என்றாள். நீங்கள் விவரம்தான், அவள் அதற்கு மேல். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேலதிகாரி அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினாராம். இது உங்களுக்குத் தேவையில்லாத செய்தி, இருந்தாலும் எழுதுகிறேன்.

சரியாகப் பாடுகிறதா என்று பார்க்க ஒரு கேசட் போட்டோம். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், பாடுகிறவர் எழுந்து நின்று பாடுகிறார். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் ஆள் நகர்ந்துவிடுகிறார். கூட்டிப் பெருக்கக்கூட அந்த நாற்காலியை நகர்த்த விடமாட்டீர்களே, ஏன் என்று இப்போது தெரிந்தது. உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இப்படிக்கு,
பேத்தியின் பாட்டி


ஜூன் 27

வீட்டுக்காரிக்கு,

வந்து சேர்ந்தது. மேசை மேல் வைத்தேன், மேசை முனகியது. கெட்ட செய்தி ஒன்று. இடப்பக்கத்து ஸ்பீக்கர் பாடவில்லை. ஏதோ பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி இருக்கிறது. நீ சொல்கிற ஆள் இங்கே நடுவில் நிற்கவில்லை, வலப்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பாடுகிறார். அங்கே இருந்தபோதே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டுதான் இருந்தார். இப்போது ஒரேயடியாகப் போய்விட்டார்.

சொன்னால் கோபப்படுவாய். உன் பேத்தி அதைத் திறந்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
மாடிக்காரன்


ஜூலை 3

பேத்தியின் தாத்தாவுக்கு,

என்னைச் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அவளைச் சொல்லாதீர்கள். அவள் கை பட்டு இதுவரை எதுவும் கெட்டதில்லை. இங்கே என் இரண்டு காதாலும் கேட்டுத்தான் அனுப்பினேன்.

அவள் கோபப்படவில்லை. "தாத்தாவ ரெண்டே ரெண்டு டெஸ்ட் பண்ணச் சொல்லு" என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஸ்பீக்கர் ஒயர்கள் வரும். இடத்தை வலத்தில் மாட்டுங்கள், வலத்தை இடத்தில். கோளாறு ஆம்ப்ளிஃபயரில் என்றால் சத்தத்தின் மங்கல் வலப்பக்கம் போய்விடும். போகவில்லை என்றால் அதன் மேல் தப்பில்லை.

அப்புறம் எதையும் தொடாமல் நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள். முதுகைக் காட்டுவதா என்று யோசிக்க வேண்டாம், உங்களுக்குப் பழக்கம்தான்.

இப்படிக்கு,
பேத்தியின் பாட்டி


ஜூலை 9

வீட்டுக்காரிக்கு,

செய்தேன். ஒயரை மாற்றினேன், மங்கல் நகரவில்லை, இடப்பக்கமே இருந்தது. பிறகு நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தேன். தம்பி பெண்டாட்டி காபியோடு வந்தவள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துவிட்டு "மாமா, யார்கூட கோபம்?" என்று கேட்டாள்.

அதுவரை ஊமையாக இருந்த ஸ்பீக்கர் கணீரென்று பாடியது. பாடிக்கொண்டிருந்தது ஊமையாகிவிட்டது. நேராக உட்கார்ந்தேன், பழையபடி ஆனது. திரும்பினேன், மாறியது. நான் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

உன் பேத்தியைக் கேட்டு எழுது. கேட்காவிட்டாலும் சரி, எனக்குத் தெரிந்துவிட்டது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டு எழுது.

இப்படிக்கு,
மாடிக்காரன்


ஜூலை 13

என்னங்க,

ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கர் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பேத்தி கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "தாத்தாவுக்கு இடது காது கேக்கல பாட்டி" என்றாள். திங்கட்கிழமைக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். சரிசெய்ய முடிந்தால் சரிசெய்வார், இல்லை என்றால் காதுக்கு மெஷின் மாட்டுவார். வேண்டாம் என்று அடம்பிடிக்கக் கூடாது.

நான் கூப்பிட்டது பொய்யில்லை. உங்கள் காதில் விழவில்லை என்பதும் பொய்யில்லை. வழக்கு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி காரோடு வருகிறாள். ஆம்ப்ளிஃபயரைக் கம்பளியில் சுற்றிப் பின்சீட்டில் வையுங்கள். நீங்கள் முன்சீட்டில் உட்காருங்கள். ஓட்டுகிறவள் உங்களுக்கு வலப்பக்கம்தான் இருப்பாள். வேலை கிடைத்ததை வழியில் அவள் வாயால் சொல்லச் சொல்லியிருக்கிறேன். புதுசாகக் கேட்பதுபோலக் கேளுங்கள்.

உங்கள் நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது, நகர்த்தவில்லை. தையல் மெஷினைத்தான் வலப்பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே வெளிச்சம் கொஞ்சம் குறைவு. ஊசியில் நூல் கோர்க்க மட்டும் ஜன்னலுக்குப் போய் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி