முந்திரி கப்பலேறிய வருஷம்

நேற்று கீழவீதிக்குப் போயிருந்தேன். எங்கள் கடை இருந்த இடத்தில் ஒருவர் ஜப்பான் கைக்கடிகாரங்களைக் கத்தரிக்காய் மாதிரிக் குவித்து விற்கிறார். இறக்குமதி லைசென்ஸ் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நின்று பார்த்தபோது உன் ஞாபகம் வந்தது. எனக்கு உன் ஞாபகம் எப்போதும் வயிற்றெரிச்சலோடுதான் வரும்.

முதலில் பொறாமைப்பட்டவள் நீதான், மறந்துவிடாதே. என்னைச் சிதம்பரத்தில் ஃபாரின் சாமான் கடைக்காரருக்குக் கொடுத்தார்கள்; உன்னைப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரிக்கு. பொங்கலுக்கு வந்தால் என் நைலான் புடவையைத் தடவிப் பார்ப்பாய். "ஒரு வாட்டி கட்டிக்கிட்டுத் தரட்டாக்கா?" என்பாய். முந்திரித் தோட்டின் எண்ணெயில் கறுத்த உன் விரல் பட்டுக் கறையாகுமோ என்று பயந்தாலும் கொடுப்பேன். கொடுப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

அப்புறம் சர்க்கார் வெளிநாட்டுச் சரக்கு வரவை இறுக்கிக்கொண்டே வந்தது. பேனா நின்றது, கடிகாரம் நின்றது, சவர பிளேடுகூட நின்றது. கண்ணாடி அலமாரியில் உள்ளூர்ச் சோப்பை அடுக்கினோம். அதே சர்க்கார் உன் வீட்டுக்காரர் போன்றவர்களை, வெளியே அனுப்பு, டாலர் கொண்டுவா என்று தட்டிக்கொடுத்தது. பண்ருட்டிப் பருப்பு டின்னில் அடைபட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

ரூபாயின் மதிப்பைக் குறைத்த செய்தி ரேடியோவில் வந்தபோது நீ எங்கள் வீட்டில்தான் இருந்தாய்.

"அப்படின்னா என்ன மாமா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாய்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "ஒரு டாலருக்கு இனிமே ரூபா ஜாஸ்தி கெடைக்கும். உங்க வூட்டுக்காரருக்கு யோகந்தான்."

"உங்களுக்கு?"

"வர்ற கொஞ்சநஞ்ச சரக்கும் வெலை ஏறிடும். கடைய மூட வேண்டியதுதான்."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். உன் வாயோரத்தில் அடக்கிய சிரிப்பை நான் பார்த்தேன். உன்மேல் தப்பில்லை, உன் வீட்டுக்கு அது நல்ல செய்தி. ஆனால் ஒரே கூடத்தில், ஒரே செய்தியை, ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரும் கேட்டோம். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கடையை மூடிய பிறகு நீ காரில் வந்து இறங்கினாய்.

"பருப்பைத் தரம் பிரிக்கற எடத்தைப் பாத்துக்க ஆளு வேணும்க்கா. அந்தப் பொம்பளைங்கள அதட்ட உனக்குத்தான் வரும்."

"உங்கிட்ட வேலைக்கு வரச் சொல்றியா?"

"எங்கிட்ட என்னக்கா? நம்ம எடம்."

நம்ம எடம் என்றாயே, அதுதான் அதிகமாகச் சுட்டது. வேறு வழியில்லாமல் வந்தேன். காலை ரயிலில் பண்ருட்டி வந்து, முழுப் பருப்பு வேறு, உடைந்தது வேறு என்று பிரிப்பதை மேற்பார்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்புவேன். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, நீ தரையில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் சோற்றில் பங்கு கேட்பாய். சிரிப்புச் சத்தமெல்லாம் தரையில்தான் இருந்தது. காசு உன்னிடம் சேர்ந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

போன ஆடியில் நீ போனாய். அந்தப் பெண்கள் கிழவிகளாகி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒருத்தி சொன்னாள், "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா, எங்க அக்காவப் பாக்கணும்."

"நாந்தான் அக்கா," என்றேன். "இது என் தங்கச்சி."

அவள் விளங்காமல் பார்த்தாள். நான் நகரவில்லை. உன்னை எடுக்கும்வரை அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை.

இன்றைக்கும் உன்னை யாராவது உயர்த்திப் பேசினால் எனக்கு உள்ளே எரிகிறது. பேசாமல் விட்டுவிட்டால் அதைவிட எரிகிறது.