பேச்சி பெயர் வந்த வரி

மதினி,

நேற்று ஆனையூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சாவு. தப்பு மேளங்களைக் காயவைக்க வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். சூடேறும் தோல் வாசனை சன்னல் வழியே வந்ததுமே உன் நினைப்பு வந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கூலிக்கு வந்த பாட்டுக்காரி மைக்கைப் பிடித்து உன் பாட்டைப் பாடினாள். செத்தவரின் மோட்டார் சைக்கிள் வாசலில் அநாதையாக நிற்கிறதாம், அதற்கு உன் பாட்டாம்.

நீ பாடிய வண்டி பெரிய வீட்டு மாட்டுவண்டி. அவர்கள் வயலில் நாம் களை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் நம் தெருப் பேச்சிக்குப் பிள்ளைவலி கண்டது. வண்டி கேட்டு உன் புருஷன், அதாவது என் அண்ணன், ஓடினான். "ஒங்க தெருக்காரி ஏறுன வண்டியில நாளைக்கு எங்க வீட்டுப் பொம்பளைக ஏற வேணாமா?" என்று கேட்டாராம் பெரியவர். கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தோளில் சுமந்து அலங்காநல்லூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். பாதி வழியில் பேச்சி போய்விட்டாள். அந்த வரப்பிலேயே உட்கார்ந்து நீ பாடினாய்.

வாசலிலே வண்டி நின்னுச்சே
மாடு ரெண்டும் புல்லுத் தின்னுச்சே
தூக்கிப் போன தோளு கன்னுச்சே
பேச்சிக்கு மூச்சு நின்னுச்சே

அதற்குப் பிறகு நடவு வயலில் இறங்கினாலே நீ அதைத்தான் எடுப்பாய். நான் பின்பாட்டு. சாவு விழாத இடத்தில் ஒப்பாரி பாடினால் தரித்திரம் என்று நம் பெண்களே முதலில் முணுமுணுத்தார்கள். "விழுந்ததுனாலதானடி பாடுறேன்" என்றாய். ஒரு நடவு முடிவதற்குள் பாட்டு ஊர் ஊராகப் போய்விட்டது. கோரிப்பாளையத்தில் கூலிக்காரர்கள் கூட்டம் போட்டபோது உன்னை மேடையில் ஏற்றினார்கள், அண்ணன் தப்படித்தான். அன்றைக்கு அவனுக்கிருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ அவனே கட்டிய பாட்டு மாதிரி. பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் ஒருவர், வலி கண்ட பெண்ணுக்குக் கேட்டதும் வண்டியைப் பூட்டச் சொன்னாராம். "பாட்டுல எம்பேரு வந்துரப் போகுது" என்றாராம். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த வருஷம் பெரியவர் செத்தார். அந்த வீட்டுச் சாவுக்கு நம் தெருப் பெண்கள் போய் வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து மாரடிக்க வேண்டும். அதுதான் வழக்கம். நீ போகமாட்டாய் என்றே எல்லாரும் நினைத்தார்கள். "வாரேன்" என்று தலையை அள்ளி முடிந்துகொண்டு கிளம்பினாய்.

முதல் வரியை எடுத்தாய். பந்தலுக்குள் அந்த வீட்டுப் பெண்கள் தோளோடு தோள் கட்டி அழுதுகொண்டிருந்தார்கள். ஒப்பாரியில் முன்பாட்டு வந்தால் வாய் தானாகப் பின்னால் போகும். எஜமான் இல்லாத வண்டியைப் பாடுகிறாய் என்று எண்ணி அவர்களும் சேர்ந்து அழுதார்கள். "வண்டி நின்னுச்சே" என்றார்கள். "புல்லுத் தின்னுச்சே" என்றார்கள். தோள் கன்னிய வரியையும் பாடினார்கள். அப்புறம் நீ பேச்சி பெயரைச் சொன்னாய். பந்தல் அடங்கிவிட்டது.

அந்த அறுப்புக்குப் பெரிய வீட்டார் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். நம் தெருவில் அடுப்பு எரியவில்லை. உன்னோடு மேடை ஏறியவர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து, உன் வாயைக் கட்டினால்தான் வேலை என்று முடிவு செய்தார்கள். இனி பாடுவதில்லை என்று நீ சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சூடத்தை ஏற்றியது என் அண்ணன்.

"பாட்டு சோறு போடுமா?" என்று கேட்டான்.

"கட்டில்ல ஒரு கால நீயுந்தான தூக்குன?" என்றேன். எல்லார் முன்னாலும் என்னை அறைந்தான். நீ எங்கள் இருவரையும் பார்த்தாய், குனிந்து சூடத்தைக் கையால் அணைத்தாய். மறுவாரம் எல்லாருக்கும் வேலை கிடைத்தது.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு மதினி. அந்த வீட்டுக்காரர்களே நிலத்தை விற்றுவிட்டு மதுரைக்குப் போன பிறகும் நீ வாயைத் திறக்கவில்லை. உன் பிள்ளையைத் தாலாட்டக்கூட இல்லை. சும்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாய். நான் எத்தனையோ முறை கெஞ்சினேன். "அணைச்சது அணைச்சதுதாண்டி" என்பாய். யாருக்காக அந்தச் சத்தியம்? அதைச் செய்யச் சொன்னவர்களே மறந்துபோயிருந்தார்கள்.

நீ செத்த அன்று, "ரெண்டு வரி பாடு தாயி, ஊரு என்ன நெனைக்கும்" என்று அண்ணன் என்னிடம் வந்து நின்றான். நினைக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பாட்டுக் கட்டிய உன்னைப் பாட்டில்லாமல் தூக்கிப் போனார்கள்.

இப்போது அண்ணன் பொங்கலுக்குப் பொங்கல் வருகிறான். சோறு போடுகிறேன், உடம்பை விசாரிக்கிறேன். உன் நான்கு வரியும் வரிசை மாறாமல் என்னிடம் இருக்கின்றன. வேறு ஊர் நடவுகளில் கேட்ட பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். போன பொங்கலுக்குச் சாப்பிட்டுவிட்டு நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டே முதல் மூன்று வரியை முனகினான். நான்காவதில் நின்றுவிட்டான்.

"கடைசி வரி என்ன தாயி? யாரோ ஒரு பேரு வருமே."

"எனக்கும் மறந்துபோச்சுண்ணே" என்றேன்.