பின்னால் வந்த ஒற்றை விளக்கு

இன்று பள்ளிக்கரணையைத் தாண்டும்போது, டாக்சிக் கண்ணாடியின் இடுக்கு வழியே சதுப்பு நிலத்தின் வாடை உள்ளே வந்தது. அழுகிய கோரையும் குப்பை எரிந்த புகையும் கலந்த வாடை. என்னையறியாமல் போனைக் கையில் எடுத்துவிட்டேன், உன்னை அழைக்க.

கிழக்குத் தாம்பரம் விடுதியில் நாம் ஒரே அறையில் இருந்த வருஷம் அது. ஒருநாள் இரவு வேலை முடிந்து வேளச்சேரியில் ரயிலிறங்கியபோது கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. தனியாக ஆட்டோ பிடித்தேன். ஏறியதும் உன்னை அழைத்தேன். "வச்சிடாத. பேசிக்கிட்டே வா," என்றாய்.

பள்ளிக்கரணையில் ஆட்டோ பெரிய சாலையை விட்டு, சதுப்பு ஓரமாகப் போகும் விளக்கில்லாத சாலையில் திரும்பியது.

"அண்ணா, மெயின் ரோட்லயே போங்க."

"அங்க தோண்டி வச்சிகினு கீறாங்கம்மா. இப்டிக்கா பூடலாம்."

காலையில் அந்த வழியாகத்தான் போயிருந்தேன். எங்கும் தோண்டியிருக்கவில்லை. உன்னிடம் மெல்லச் சொன்னேன். "ஸ்பீக்கர்ல போடு," என்றாய். பிறகு ஆட்டோ அதிரக் கத்தினாய்: "பயப்படாதடி! அண்ணன் பைக்ல உன் பின்னாடியேதான் வரான்!"

உனக்கும் அண்ணன் கிடையாது, எனக்கும் கிடையாது.

ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, "ரொம்ப நேரமா ஒரு லைட்டு வருதே, அவுராம்மா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். இருட்டில் ஒற்றை விளக்கு. நெருங்கவுமில்லை, விலகவுமில்லை. வண்டிச் சத்தமும் இல்லை. அடுத்த திருப்பத்திலேயே ஆட்டோ பெரிய சாலைக்கு ஏறிவிட்டது. மேடவாக்கம் கடை வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

விடுதி வாசலில் செருப்புகூடப் போடாமல் நின்றிருந்தாய்.

"யாரையாவது அனுப்பினியா?"

"இல்லடி. வாய்க்கு வந்தத சொன்னேன்."

விளக்கைப் பற்றிச் சொன்னதும் உன் சிரிப்பு நின்றுபோனது. அன்றிரவு இருவரும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

இப்போது என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலிறங்கித் தனியாக வீட்டுக்கு நடக்கிறாள். நடக்கத் தொடங்கியதும் என்னை அழைப்பாள். அவள் கதவைத் தாழிடும் சத்தம் கேட்கும்வரை நான் போனை வைப்பதில்லை. போன வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, தினமும் உங்ககூட இன்னொருத்தங்களும் பேசறாங்களே, யாரு?"

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"என் ஃப்ரெண்டும்மா," என்றேன்.