அப்பா பெயரில் கேட்ட விடுப்பு

என் வீட்டுக்காரிக்கு,

நலமா? கண்ணுக்குச் சொட்டு மருந்து மறக்காமல் விடுகிறாயா? சொல்ல வந்தவை:

1. நான் நலம்.
2. என் விடுப்பைப் பக்கத்து இருக்கைக்காரர் அழித்துவிட்டார்.
3. நீ செய்ய வேண்டியவை.

பதறாதே. உன் கண் ஆபரேஷனுக்கு வர விடுப்பு கேட்டிருந்தேன் அல்லவா? அது அலுவலகத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டதா என்று பார்க்க ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, அடுத்து நம் பெயரைத் தர வேண்டும். வழக்கம்போல் அப்பா பெயரை முன்னால் போட்டு, இடம் விட்டு, என் பெயரைத் தட்டினேன். அப்படி ஒருவரே இல்லை என்றது.

பக்கத்து இருக்கைக்காரர் அதிகம் பேசமாட்டார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்களே. நான் எட்டிப் பார்த்தால் திரையைத் திருப்பிக்கொள்கிறார். அதே வாரத்தில் அவரும் விடுப்பு கேட்டிருக்கிறார். வேறென்ன வேண்டும்?

இதுவரை எழுதிவிட்டு, தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டேன். என் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“என்ன சார், உங்க அப்பாவுக்கா லீவு கேக்குறீங்க? நடுவுல இடம் விட்டா முதல் வார்த்தைய மட்டும்தான் பேருன்னு எடுத்துக்கும். ரெண்டையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள்ள போடுங்க.”

போட்டேன். விடுப்பு இருக்கிறது. காலமான உன் மாமனாரைத்தான் இயந்திரம் இவ்வளவு நேரம் தேடியிருக்கிறது. ஆனாலும் அவர் திரையை ஏன் திருப்புகிறார் என்பது விளங்கவில்லை.

இனி நீ செய்ய வேண்டியவை. போனில் பேசும்போது ரேடியோவை அணைக்காதே, அது பின்னணியில் கேட்டால் வீட்டில் இருப்பதுபோல் இருக்கும். நான் வரும்வரை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாதே.

வாசலில் தபால்காரர் தபால் பெட்டியைத் திறக்கிறார், திருப்பி எழுத நேரமில்லை. இரண்டாவதாக எழுதியது தவறு. அடித்துவிட்டால் எதையோ மறைத்தேன் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய்; அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்